முதலில் சல்லடை, பிறகு ஆசிட்

சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், பள்ளி விடுமுறை விட்டால் எனக்குப் பொழுது போகும் இடம் பால் ஸ்டோர்தான். விடியுமுன் மரம் வெட்டப் போனவர்கள் பத்து, பதினொரு மணிக்குக் காண்டா கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாக வந்து சேர்வார்கள். கிராணி எடை பார்ப்பார். மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டு அதில் ரப்பர் எவ்வளவு என்று கணக்கெழுதுவார். வழியில் யாராவது ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்திருந்தால் அந்தக் குழல் சற்று மேலெழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதன் பிறகு நடப்பது அப்பாவின் ராஜ்ஜியம். பாலைச் சல்லடையில் வடிகட்டித் தொட்டியில் விடுவார். தண்ணீர் கலந்து இளக்குவார். அளவு பார்த்து ஆசிட் ஊற்றிக் கலக்குவார். மேலே திரளும் நுரையை வழித்து எடுப்பார். நுரை தங்கினால் ஷீட்டில் குமிழி விழும். பிறகு அலுமினியத் தகடுகளை வரிசையாகச் செருகிவிட்டால், மறுநாள் காலையில் தகட்டுக்குத் தகடு தயிர்க்கட்டி போல வெள்ளையாக உறைந்து நிற்கும். அதை மெஷினில் கொடுத்து அழுத்தி, கடைசி உருளையில் வரி விழவைத்து, தண்ணீர் சொட்டும்வரை கொடியில் போட்டு, புகைக்கூடத்தில் நாலைந்து நாள் தொங்கவிட வேண்டும். வெள்ளை ஷீட் தேன் நிறமாகி வெளியே வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, தூசி, குமிழி இருந்தால் கத்தரித்துத் தரம் பிரிப்பார்கள்.

நான் ஒருமுறை ஆசிட் வாளியை நகர்த்த முயன்றபோது அப்பா சத்தம் போட்டார். "சல்லடைக்கு முன்னாடி ஆசிட்டத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்." வடிகட்டுவதற்கு முன் ஆசிட் விழுந்தால் பால் திரிந்து சல்லடையை அடைத்துக்கொள்ளும். அன்றைய பால் முழுவதும் கட்டிப்பால் விலைக்குத்தான் போகும். எதற்குப் பின் எது என்பதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் முந்தாநாள் ஷீட் புகையில் தொங்குவதற்காக இன்றைய பால் காத்திருக்கவும் வேண்டாம். எவை ஒன்றை ஒன்று நம்பி நிற்கின்றன, எவை தனித்தனியே நடக்கலாம் என்ற வரைபடம் அவர் தலைக்குள் இருந்தது. காகிதத்தில் அவர் அதை எழுதியதே இல்லை.

இப்போது ஈப்போவில் உட்கார்ந்து இணையதளம் செய்து பிழைக்கிறேன். தினமும் பத்து இருபது முறை 'பில்ட்' ஓடவிடுகிறேன். எழுதிய நிரலை உலாவிக்குத் தோதான கோப்புகளாக்கித் தரும் வேலை அது. அதைச் செய்யும் கருவிகள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. எது நல்லது என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது பால் ஸ்டோர் கதையைத்தான்.

இந்தக் கருவிகளுக்கெல்லாம் மூத்தது மேக். 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அங்கே உடன் வேலை செய்த ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுதையே வீணடித்துவிட்டு வந்து புலம்பினாராம். பிழையைத் திருத்திவிட்டார், ஆனால் திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்துவிட்டார். சரியான நிரலை வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த பழைய நிரலில் பிழையைத் தேடியிருக்கிறார். முந்தைய நாள் மாலை ஃபெல்ட்மனுக்கும் அதே தலைவலி. அந்த வார இறுதியில் பிறந்ததுதான் மேக்.

மேக் யோசிப்பது பின்னாலிருந்து. 'எனக்கு ஷீட் வேண்டும்' என்கிறோம். ஷீட்டுக்கு உறைந்த கட்டி வேண்டும், கட்டிக்கு வடிகட்டிய பால் வேண்டும், அதற்கு வாளிப் பால் வேண்டும் என்று அது கீழே இறங்கிப் போகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்விதான்: மூலப்பொருள், அதிலிருந்து செய்த பொருளைவிடப் புதியதா? புதியது என்றால் அந்தப் படியைத் திரும்பச் செய். இல்லையென்றால் தொடாதே. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை மட்டும் பார்த்து இத்தனையையும் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 50 ஆண்டு ஆகிறது, இதைவிட எளிய யோசனை இன்னும் வரவில்லை.

அதில் ஒரு குறும்பும் உண்டு. மேக் கோப்பில் கட்டளை வரியை டேப் விசையால்தான் தொடங்க வேண்டும். வெற்றிடம் போட்டால் பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இதை மாற்றியிருக்கலாமே என்று ஃபெல்ட்மனுக்கே தோன்றியது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், நண்பர்களைச் சிரமப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய தாட்சண்யம் இன்றுவரை உலகம் முழுக்க நிரலாளர்களைப் படுத்துகிறது.

சரி, ஜாவாஸ்கிரிப்டுக்கு எதற்கு இந்தப் பாடெல்லாம்? 1995-இல் பிரெண்டன் ஐக் அதைப் பத்து நாளில் எழுதியபோது, படிவத்தில் பெயர் விடுபட்டிருந்தால் ஒரு எச்சரிக்கை காட்டவும் இதுபோன்ற சில்லறை வேலைக்கும்தான் அது தேவைப்பட்டது. எழுதியதை எழுதியபடியே உலாவி படித்துக்கொள்ளும், கம்பைல் என்ற பேச்சே இல்லை. நானும் நோட்பேடில் எழுதி, அப்படியே சர்வரில் ஏற்றியவன்தான். பிறகு பக்கங்கள் பெருத்தன. ஒரு தளத்துக்கு நாற்பது கோப்பு, ஐம்பது கோப்பு. பழைய எச்டிடிபி முறையில் உலாவி ஒரு சர்வரோடு ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஆறு இணைப்புதான் வைத்துக்கொள்ளும். மீதிக் கோப்புகள் வரிசையில் நிற்கும். அதனால் கோப்புகளை ஒட்டி ஒன்றாக்க வேண்டியிருந்தது. வெற்றிடமும் குறிப்புரையும் களைந்து இளைக்க வைக்க வேண்டியிருந்தது. புதிய இலக்கணத்தில் எழுதியதைப் பழைய உலாவிக்குப் புரியும்படி மாற்ற வேண்டியிருந்தது. வாளிப் பாலை அப்படியே விற்ற காலம் போய், ஷீட் போட்டுத்தான் விற்கலாம் என்ற காலம் வந்தது.

2009-இல் நோட் வந்து, உலாவிக்கு வெளியேயும் ஜாவாஸ்கிரிப்ட் ஓடலாம் என்றானதும், இந்த வேலைகளைச் செய்யும் கருவிகளையும் ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதத் தொடங்கினார்கள். 2012-இல் பென் ஆல்மன் வெளியிட்ட கிரன்ட் அவற்றில் முதலில் பெயர் வாங்கியது. இந்தக் கோப்புகளை ஒட்டு, அதைச் சுருக்கு, இங்கே வை என்று நீண்ட பட்டியல் எழுதிக் கொடுத்தால் அது வரிசையாகச் செய்யும். ஒவ்வொரு வேலையும் வட்டிலிருந்து கோப்பைப் படிக்கும், முடித்ததும் திரும்ப வட்டில் எழுதும். அடுத்த வேலை அதை மறுபடி படிக்கும். ஒவ்வொரு படிக்கும் வாளியை இறக்கித் தரையில் வைத்து, மறுபடி தூக்குவது போல.

அடுத்த ஆண்டே எரிக் ஷாஃப்ஸ்டாலின் கல்ப் வந்தது. தரையில் எதற்கு வைக்க வேண்டும், குழாய் போட்டுவிடுவோம் என்றது. கோப்பு ஒருமுறை நினைவகத்துக்குள் வந்தால் ஒட்டுதல், சுருக்குதல் எல்லாவற்றையும் ஓடும் பால் போலக் கடந்து, கடைசியில் ஒரே ஒருமுறை வட்டில் இறங்கும். பட்டியலுக்குப் பதில் நிரலாகவே எழுதலாம் என்பதும் பலருக்குப் பிடித்தது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் கிரன்ட் கட்சி, கல்ப் கட்சி என்று நடந்த வாக்குவாதத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இரண்டுக்கும் ஒரே குறை இருந்ததை அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டுமே பெரட்டில் நின்று வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணிகள்தாம். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. எந்தக் கோப்பு முதலில், எது பிறகு என்பதை நாம்தான் எழுதித் தர வேண்டும். தப்பாக எழுதினால் அதே தப்பான வரிசையில் சுறுசுறுப்பாக ஒட்டித் தரும். சல்லடைக்கு முன் ஆசிட்.

அப்பாவின் தலைக்குள் இருந்த வரைபடத்தைக் கருவிக்குள் கொண்டுவந்தது வெப்பேக். ஜெர்மனியின் டோபியாஸ் கோப்பர்ஸ் 2012-இல் தொடங்கியது. நாம் ஒரே ஒரு கோப்பைக் காட்டினால் போதும். அது எதையெல்லாம் இறக்குமதி செய்கிறது, அவை எதையெல்லாம் இறக்குமதி செய்கின்றன என்று தானே கிளை கிளையாகப் போய்ப் பார்த்து, முழு வரைபடத்தையும் வரைந்துகொள்ளும். வரிசை எழுதும் வேலை நம்மை விட்டுப் போனது. இன்னொன்றும் செய்தது: எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டாமல், முதல் பக்கத்துக்கு வேண்டியதை மட்டும் முதலில் அனுப்பிவிட்டு, மற்றதைக் கேட்கும்போது அனுப்பும்படி பிரித்தது. கோப்பர்ஸ் அதை எழுதத் தொடங்கியதே இந்தப் பிரிப்புக்காகத்தான்.

வெப்பேக்கின் அமைப்புக் கோப்பைப் பற்றி மட்டும் நல்ல வார்த்தை சொல்ல என்னால் முடியாது. ஒரு கோப்பை மூன்று நான்கு 'லோடர்'கள் வழியாக அனுப்பப் பட்டியல் எழுதினால், கடைசியில் எழுதியதுதான் முதலில் வேலை செய்யும். ஜாவி எழுத்தைப் போல வலமிருந்து இடம் படிக்க வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு முழு இரவு விழித்திருக்கிறேன்.

2015-இல் ரிச் ஹாரிஸின் ரோல்அப் வந்தபோது புதிய சொல் ஒன்று பரவியது: மரத்தை உலுக்குதல். வரைபடத்தை மரமாக நினைத்துக்கொண்டு, எங்கும் பயன்படாத காய்ந்த இலைகளை உலுக்கி உதிர்த்துவிடுவது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் கொஞ்சம் வேடிக்கை. பிப்ரவரி, மார்ச் வறட்சியில் ரப்பர் மரம் யாரும் உலுக்காமலே இலையைக் கொட்டிவிடும், பாலும் குறைந்துவிடும். ஆனால் நிரலில் எது காய்ந்த இலை என்று எப்படித் தெரியும்? அந்த ஆண்டு வந்த புதிய ஜாவாஸ்கிரிப்ட் இலக்கணம் அதற்கு வழி செய்தது. இறக்குமதி வரிகள் கோப்பின் மேல்மட்டத்தில், வெளிப்படையான பெயரோடு நிற்க வேண்டும் என்றது. அதற்கு முன் நோட்டில் இருந்த பழக்கத்தில், நிபந்தனைக்குள் ஒளிந்துகொண்டுகூட ஒரு கோப்பை அழைக்கலாம். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். புதிய முறையில் படித்தாலே தெரிந்துவிடும். நூறு பயன்கூறுகள் உள்ள நூலகத்தில் மூன்றை மட்டும் எடுத்தால், மற்ற தொண்ணூற்றேழும் பயனர் கைப்பேசிக்குப் போகாது.

வரைபடம் என்று பேசுகிறோமே, அது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பலரும் பார்ப்பதில்லை. 2016 மார்ச் 22 அன்று, பெயர் ஒன்றைப் பற்றிய தகராறில் மனம் கசந்த அஸெர் கோச்சுலு என்ற நிரலாளர், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து தன் 273 தொகுப்புகளையும் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும் பதினொரு வரி நிரல், அவ்வளவுதான். பேபெல் போன்ற பெரிய கருவிகள் அதை நம்பி இருந்ததால் உலகெங்கும் பில்ட் நின்றது. சில மணி நேரத்தில் என்பிஎம் நிர்வாகமே அந்தத் தொகுப்பைத் திரும்ப வைத்துவிட்டது. எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது கோலகங்சாரில் இருக்கும் பழைய ரப்பர் மரம். 1877-இல் கியூ தோட்டத்திலிருந்து இலங்கை வழியாகச் சிங்கப்பூர் வந்தவை 22 கன்றுகள். அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. இந்த நாட்டின் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் அந்தச் சில கன்றுகளின் வம்சம். பிரேசிலில் ஹென்றி ஃபோர்டின் தோட்டத்தை ஒரு இலைக் கருகல் பூஞ்சை அழித்தது. அது இங்கே நுழைந்துவிடக் கூடாதென்று இன்றும் கண்காணிக்கிறார்கள். ஒரே வேரை இத்தனை பேர் நம்பினால் இந்தப் பயம் கூடவே வரும்.

அடுத்து வந்தது வேகத்தின் கதை. வெப்பேக்கில் ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்துவிட்டு, திரையில் அது தெரிய ஐந்து விநாடி, பத்து விநாடி காத்திருந்த காலம் உண்டு. பெரிய தளமென்றால் பில்டைத் தொடங்கிவிட்டுப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். 2020-இல் ஃபிக்மா நிறுவனர்களில் ஒருவரான ஈவன் வாலஸ், ஈஎஸ்பில்ட் என்ற கருவியை வெளியிட்டார். ஜாவாஸ்கிரிப்டில் எழுதாமல் கோ மொழியில், முதல் வரியிலிருந்து புதிதாக எழுதியது. கணினியின் எல்லா மையங்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுப்பது. ஈஎஸ்பில்டின் சொந்த ஒப்பீட்டில், திரீ.ஜேஎஸ் நூலகத்தின் பத்துப் பிரதிகளைக் கட்ட வெப்பேக் 5 எடுத்துக்கொண்டது 41.21 விநாடி; ஈஎஸ்பில்ட் 0.39 விநாடி. செய்தவரே செய்த ஒப்பீடு என்று பாதியைக் கழித்தாலும் நூறில் பாதி ஐம்பது மடங்கு.

அதே ஆண்டு, வியூ சட்டகத்தை உருவாக்கிய ஈவன் யூ வேறு கோணத்தில் யோசித்தார். எழுதிக்கொண்டிருக்கும்போது எதற்காக முழுப் பொதியையும் கட்ட வேண்டும்? இறக்குமதி வரியை இப்போது உலாவியே புரிந்துகொள்கிறது. எந்தக் கோப்பு வேண்டுமென்று அதுவே கேட்கட்டும், கேட்டபின் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுப்போம். அதுதான் வீட்; பிரெஞ்சு மொழியில் 'விரைவு'. நாம் எழுதுபவற்றுக்கு இது பொருந்தும். வெளி நூலகங்களுக்குப் பொருந்தாது. லோடாஷின் ஒரு வடிவத்துக்குள்ளேயே 600-க்கு மேல் சிறு கோப்புகள். உலாவி அறுநூறு முறை கேட்டால் அன்றைக்கு வேலை முடிந்தாற்போலத்தான். அதனால் நூலகங்களை மட்டும் முதலிலேயே கட்டி வைத்துவிட்டு, நம் கோப்புகளைக் கேட்கக் கேட்கக் கொடுக்கிறது. தளத்தை வெளியிடும் நாளில்தான் எல்லாவற்றையும் முறையாகக் கட்டும். பால் ஸ்டோர் உவமை இங்கே கைவிட்டுவிடுகிறது. பால் யாருக்காகவும் காத்திருக்காது, சில மணி நேரத்தில் தானே உறையத் தொடங்கிவிடும். நிரல் எத்தனை நாள் வேண்டுமானாலும் வாளியில் கிடக்கும்.

இனித் தமிழ்த் தளம் செய்பவர்களுக்கான பகுதி. இதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு.

ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், இலக்கணம் அனுமதிக்கிறது. 'மொத்தஎடை' என்று வைத்தால் யூடிஎஃப்-8 கணக்கில் 24 பைட். சுருக்கும் கருவி அந்தப் பெயரை ஒற்றை ஆங்கில எழுத்தாக்கிவிடும், 24 ஒன்றாகிறது. ஆகவே பெயர் நீளமாயிற்றே என்ற கவலை வேண்டாம். ஆனால் பயனர் படிக்கப்போகும் சொற்களைக் கருவி சுருக்க முடியாது. 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கணினிக்கு அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 15. ஈஎஸ்பில்டை நேரடியாக ஓட்டினால், அது எதையும் நம்பாமல், ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு எழுத்தையும் பின்சாய்கோடு, யூ, நான்கு இலக்கம் என்ற ஆறெழுத்து எண்ணாக மாற்றி எழுதிவிடும். 15 பைட் 30 ஆகிறது. கட்டி இளைக்க வைக்க வந்த கருவி நம் தமிழை மட்டும் இரு மடங்காகப் பெருக்கிக் கொடுக்கிறது.

இதில் கருவியைக் குறை சொல்ல முடியாது. பக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்காவிட்டால் சில உலாவிகள் அதைப் பழைய மேற்கத்தியக் குறியாக்கமாகப் படிக்கும். அப்போது திரையில் வருவதை நம் தலைமுறையில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்: தலையில் கீற்று வைத்த ஆங்கில 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறி, மறுபடி கீற்று வைத்த 'ஏ'. அந்தக் கோலத்துக்குப் பயந்துதான் ஈஎஸ்பில்ட் முன்ஜாக்கிரதையாக எண்ணாக்குகிறது. ஜிஸிப்பில் சுருக்கி அனுப்பும்போது அளவு வித்தியாசம் பெருமளவு குறையும் என்பதும் உண்மை. ஆனாலும் வெளியீட்டுக் கோப்பைத் திறந்து பிழை தேடும்போது ஒரு தமிழ்ச் சொல்லும் கண்ணில் படாது.

எதைத் தேர்வது? புதிதாகத் தொடங்கினால் வீட், யோசிக்கவே வேண்டாம். சின்ன நூலகம் என்றால் ஈஎஸ்பில்டை என்பிஎம்மில் ஒரே வரிக் கட்டளையாக எழுதிவிட்டால் தீர்ந்தது. வெப்பேக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய தளத்தைப் பதற்றப்பட்டுப் பிரிக்காதீர்கள். கிரன்ட், கல்ப் இரண்டையும் புதிதாகத் தொடாதீர்கள். கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரலுக்கும், பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புக்கும் எந்தக் கருவியும் வேண்டாம். ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பை எழுதி ஏற்றிவிடுங்கள். நான் அதற்கெல்லாம் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

உங்களிடம் தமிழ்த் தளம் ஒன்று இருந்தால், இன்று அதன் வெளியீட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து தெரிந்தால் நல்லது. எண்ணாகத் தெரிந்தால், பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 அறிவிப்பு இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு ஈஎஸ்பில்டின் எழுத்துக்குறி அமைப்பை யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். இந்த வரிசையில்தான்.